ஜூலை மாதத்துத் தலைவர்கள்

வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு மெல்லிய தாள். கையில் பிடித்தால் அச்சு மை விரலில் ஒட்டிக்கொள்ளும். மேலே கொட்டை எழுத்தில் ‘இலவசக் கண் சிகிச்சை முகாம்’ என்றிருக்கும். பக்கத்தில் ரோட்டரியின் பற்சக்கரமோ அரிமா சங்கத்தின் இரட்டைச் சிங்கமுகமோ. விருதுநகரிலிருந்து பாலவனத்தம் வழியாக அருப்புக்கோட்டை போகிற எவர் கண்ணிலும், டீக்கடைத் தூணிலோ பஸ் நிறுத்தச் சுவரிலோ, இந்தத் தாள் ஒரு முறையாவது பட்டிருக்கும். ஐம்பது வயதைக் கடந்தவர்களை அது நேராகப் பழைய காலத்துக்குக் கொண்டுபோய்விடும். குழாய் ஒலிபெருக்கி கட்டிய வாடகைக் கார், அதிலிருந்து பறக்கவிட்ட நோட்டீஸைப் பிடிக்கப் பின்னால் ஓடும் பிள்ளைகள், லீவு விட்ட பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டு விரித்த பாய்கள், கண்ணில் கட்டோடு வரிசையாகப் படுத்திருக்கும் தாத்தா பாட்டிகள். தலையை ஆட்டக் கூடாது, இருமக் கூடாது, குனியக் கூடாது என்று நாள் கணக்கில் காவல். பிறகு காது வரை கனக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி. இன்றைய நோட்டீஸில் பள்ளிக்கூடமும் இல்லை, பாயும் இல்லை. தேர்ந்தெடுக்கப்படுபவர்களை அன்றே மதுரைக்குப் பஸ்ஸில் அழைத்துப்போவோம், கண்ணுக்குள் லென்ஸ் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம், ஆதார் நகல் கொண்டுவாருங்கள், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரையோடு வாருங்கள் என்கிறது. மாறாதது கீழ்ப்பாதி. தலைவர், செயலர், பொருளாளர், மாவட்ட ஆளுநர், முன்னாள் ஆளுநர் என்று பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பி.எச்.எஃப்., எம்.ஜே.எஃப்., என்று எழுத்துகள். ஆயிரம் டாலர் நன்கொடைக்குக் கிடைக்கும் அந்த எழுத்துகளை மருத்துவப் பட்டம் என்று எண்ணிக் கும்பிட்டவர்களும் ஊரில் இருந்திருப்பார்கள்.

சேவைச் சங்கங்களைப் பற்றி நம் பக்கத்தில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் அந்தத் தாளின் இரண்டு பாதிகளுக்கிடையே நடக்கும் சண்டைதான். மேல்பாதியைப் பார்ப்பவர் “எத்தனை பேருக்குக் கண் தெரிந்தது!” என்பார். கீழ்ப்பாதியைப் பார்ப்பவர் “பணக்காரர்கள் மாலை போட்டுக்கொள்ள ஒரு மேடை” என்பார். இரண்டும் உண்மை என்பதால் சண்டை முடிவதில்லை. கேள்வியை வேறு இடத்தில் வைக்கலாம். இந்தச் சங்கங்கள் எடுத்துக்கொண்ட நூறு வேலைகளில் எவை நின்றன, எவை அந்தந்த ஆண்டோடு போயின? நின்றவற்றில் பொதுவாக இருந்தது என்ன? அதைத் தேடினால், சங்கத்தின் முன்னேற்றத்தை அளக்கும் கோல் உறுப்பினர் எண்ணிக்கையோ திட்டங்களின் எண்ணிக்கையோ இல்லை என்பது தெரிகிறது. தலைவர் மாறிய பிறகும் அந்த வேலை அவர் பெயரைக் கேட்காமல் நடந்ததா என்பதே அந்தக் கோல். வானம் பார்த்த இந்தப் பூமிக்கு அது புதிய அளவும் இல்லை.

பாலவனத்தம் என்றதும் படித்தவர்கள் வாயில் வருவது பாண்டித்துரைத் தேவர் பெயர். 1867இல் பிறந்து 1911இல் மறைந்த இந்த ஜமீன்தார், 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ‘செந்தமிழ்’ இதழ் வந்தது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் அவரே தலைவராக இருந்தார். கப்பல் கம்பெனி சில ஆண்டுகளில் கரைந்துபோனது. அதற்கு வெள்ளையர் அரசின் கெடுபிடி பெரிய காரணம். தமிழ்ச் சங்கம் அவர் போன பிறகும் நின்றது. புலவர் ஒருவருக்குப் பொற்கிழி கொடுத்து அனுப்புவது ஜமீன்களுக்குப் பழகிய கொடை. பள்ளி, நூலகம், அச்சுக்கூடம், இதழ், தேர்வு என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தி, கொடுத்தவர் இல்லாமலும் ஓடும்படி செய்தது பழகாத கொடை. நாற்பத்து நான்கு வயதில் அவர் மறைந்ததை நினைத்தால், முன்னதை மட்டும் செய்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜமீன் ஒரு வழி என்றால், பருத்தி வியாபாரிகளின் ஊர்களான விருதுநகரும் அருப்புக்கோட்டையும் கண்ட வழி மகமை. வியாபாரம் நடக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை, உறவின்முறை என்ற சாதிச் சங்கத்தின் பொதுப் பணத்துக்குப் போகும். லாபம் வந்த பிறகு மனம் வைத்துக் கொடுப்பது இல்லை. தராசில் ஏறும்போதே பிரிந்துவிடும். அதில் கோயில் நடந்தது, சத்திரம் நடந்தது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பள்ளிக்கூடங்கள் நடந்தன. விருதுநகரின் சத்திரிய வித்யாசாலாவுக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி பிரித்த கதை, அங்கே படித்த காமராஜரின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் எல்லோரும் சொல்லும் கதை. உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைக்கும் பெண்ணுக்கு அன்றைய பொறுப்பாளரான முறைகாரர் யார் என்பது முக்கியமில்லை. காமராஜர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டமும், 1958 முதல் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் ஊர்க்காரர்களின் பங்களிப்பை நம்பித் தொடங்கப்பட்டதற்குப் பின்னால் இந்தப் பழக்கத்தின் நிழல் இருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. மகமையின் குறையையும் மறைக்கக் கூடாது. அது சாதிக்குள் பிரித்த பணம். பயன் வெளியே பரவினாலும் கணக்கும் அதிகாரமும் உள்ளேயே இருந்தன. பெண்கள் அரிசி போடலாம், கணக்குக் கேட்கும் இடத்தில் உட்கார முடியாது.

சிகாகோவில் 1905இல் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரியும், அதே நகரத்தில் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் தொடங்கிய லயன்ஸ் என்ற அரிமா சங்கமும் இந்த மண்ணுக்கு வந்தபோது கொண்டுவந்த புதுமை சாதி தாண்டிய மேசை. சென்னையில் ரோட்டரி 1929இல் வந்தது. லயன்ஸ் இந்தியாவுக்குள் 1956இல் பம்பாய் வழியாக வந்தது. பிறகு மாவட்டத் தலைநகரம், தாலுகா ஊர் என்று இறங்கின. மில் முதலாளி, வக்கீல், டாக்டர், மளிகை மொத்த வியாபாரி, பேராசிரியர் என்று தொழிலை வைத்து ஆள் சேர்க்கும் முறை, ஒரே ஊரில் தலைமுறைகளாக ஒருவர் வீட்டுப் பந்தியில் ஒருவர் உட்காராதவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்தது. அந்த மேசையும் வசதியுள்ளவர்களின் மேசைதான். பெண்களுக்கு அதில் நாற்காலி கிடைக்க 1980களின் கடைசி வரை ஆயிற்று. லயன்ஸ் 1987இல் வாசலைத் திறந்தது; ரோட்டரி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்ற பிறகு 1989இல் விதியை மாற்றியது. இன்று ரோட்டரியில் ஏறக்குறைய 12 லட்சம் பேர், லயன்ஸில் ஏறக்குறைய 14 லட்சம் பேர். இவ்வளவு பெரிய வலையின் கடிகாரம் ஓராண்டுக்குள் சுற்றி முடிந்துவிடுகிறது. ஜூலை 1 வந்தால் உலகம் முழுக்கத் தலைவர்கள் மாறுகிறார்கள். பதவியேற்பு விழா, கழுத்துப் பட்டை, புதிய முழக்கம், புதிய திட்டங்கள். தையல் இயந்திரம், மூன்று சக்கர சைக்கிள், மரக்கன்று, சிமென்ட் பெஞ்சு. அடுத்த ஜூலையில் வருபவர் முந்தையவரின் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினால் அவருக்கு விருதும் இல்லை, படமும் இல்லை. கன்று காய்வதற்குக் கரிசல் வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது.

இதே ஓராண்டுக் கடிகாரத்துக்குள் கண் முகாம் மட்டும் எப்படி அறுபது ஆண்டு ஓடியது? ஹெலன் கெல்லர் 1925இல் ஒஹையோவில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் பார்வையற்றோருக்காக வேண்டிக்கொண்டார் என்பதும், அன்றிலிருந்து கண் அவர்களுடைய முதல் வேலையாயிற்று என்பதும் எல்லாப் பதவியேற்பு விழாவிலும் சொல்லப்படுவது. இலக்கு ஒரு சொற்பொழிவில் பிறக்கலாம். தென்மாவட்டங்களில் அது நிலைத்ததற்குக் காரணம் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த ஒரு கரிசல்காட்டுக்காரர். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு கண் அறுவையைக் கற்றவர். மதுரை அரசு மருத்துவமனையில் இருந்தபோதே 1960களில் ஊர் ஊராக முகாம் நடத்தினார். ஓய்வுபெற்று 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டும் நோயாளியின் கட்டணத்தில் கட்டாதவருக்கும் அறுவை நடக்கும் கணக்கு அங்கே உருவானது. 1992இல் அதன் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் கண்ணுள் லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கியதும் இறக்குமதி லென்ஸின் விலையில் சிறு பகுதிக்கு அது கிடைத்தது. சோடாபுட்டிக் கண்ணாடி மறைந்தது. இந்த ஏற்பாட்டில் சங்கங்களுக்கு விழுந்த வேலை சின்னது, ஆனால் வேறு யாராலும் எளிதில் செய்ய முடியாதது. இடம் பிடிப்பது, ஊருக்குச் சொல்வது, சாப்பாடு போடுவது, பஸ் ஏற்றுவது, ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குத் திரும்பக் கூட்டிவருவது. ஊருக்குத் தெரிந்த முகம் ஒன்று முன்னால் நிற்காமல், எழுபது வயதுப் பாட்டி ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி மதுரைக்குப் போய்க் கண்ணைக் கொடுத்துப் படுக்கமாட்டாள். முகாம் எப்படி நடக்க வேண்டும் என்பது மருத்துவமனையின் ஏட்டில் இருக்கிறது. தலைவர் மாறினாலும் ஏடு மாறாது. புதுத் தலைவர் நோட்டீஸில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். முகாமின் வடிவத்தில் கைவைக்க முடியாது. மகமைப் பெட்டியின் இயல்பு இது.

முகாம்கள் தீங்கும் செய்திருக்கின்றன என்று ஒருவர் எழுந்து சொன்னால் அவரை உட்காரச் சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவில் 1986இல் அரிமா சங்கம் நடத்திய முகாமில் அறுவை செய்துகொண்டவர்களில் 84 பேரின் கண் நோய்த்தொற்றில் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1989இல் தீர்ப்பு வந்தது. நல்ல மனம் கிருமியைக் கொல்லாது. பள்ளிக்கூடத்தில் பாய் விரித்த அந்த நாட்களை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும். வகுப்பறையில் கத்தி பிடித்த காலம் அழகான காலமாக இருந்திருக்கலாம், பாதுகாப்பான காலமாக இருக்கவில்லை. முகாமில் பரிசோதனை, மருத்துவமனையில் அறுவை என்று வேலை பிரிந்ததுதான் இதற்கு விடை. அந்த மாற்றத்தில் சங்கத்துக்கு மேடை குறைந்தது. அறுவைக் கூடம் ஊரில் இல்லை, கட்டு அவிழ்க்கும் காட்சி ஊரில் இல்லை, படம் எடுக்க வாய்ப்பும் அவ்வளவு இல்லை. ஆனாலும் தொடர்ந்து நடத்தினார்கள். அதை அவர்கள் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

இதைவிடக் கூர்மையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. முகாமுக்கு வருபவர்கள் யார்? மதுரை வட்டாரத்தில் 1990களில் நடந்த ஆய்வு, கண் கோளாறு இருந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட முகாமுக்கு வரவில்லை என்று கண்டது. இலவசம் என்றாலும் சாப்பாட்டுச் செலவு, பஸ் செலவு, துணைக்கு வருபவரின் கூலி போவது, பயம், “இந்த வயசுல எதுக்கு” என்ற வீட்டார் பேச்சு. 1991இல் வெளியான இன்னோர் ஆய்வு இதே வட்டாரத்தில் எது ஆளைக் கொண்டுவருகிறது என்று பார்த்தது. ஒலிபெருக்கியைவிட, ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசுவதற்குப் பலன் அதிகம் என்று தெரிந்தது. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும் சங்கத்தால் இதை முழுதாகச் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரிலேயே எப்போதும் திறந்திருக்கும் சிறு பார்வை மையங்களை 2000களில் அரவிந்த் தொடங்கியதற்கு இந்தக் குறைதான் காரணம். சங்கங்கள் இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. முகாம் திறந்த வழியில் நிரந்தர மையம் வந்து உட்கார்ந்தால் முகாம் தன் வேலையைச் செய்துவிட்டது என்றே பொருள். ஆனால் ‘இந்த ஆண்டு எத்தனை முகாம்’ என்று கேட்கும் ஆண்டறிக்கையில், தேவையில்லாமல் போன முகாமைக் காட்ட ஒரு கட்டம் இருக்காது.

போலியோவைப் பார்த்தால் வாதம் இன்னும் உறுதிப்படும். பிலிப்பைன்ஸில் 1979இல் தொடங்கிய சோதனை முயற்சிக்குப் பிறகு ரோட்டரி 1985இல் உலகம் முழுவதற்குமாக அந்த இலக்கை ஏற்றது. 12 கோடி டாலர் திரட்ட நினைத்து 1988க்குள் அதைப் போல் இரு மடங்குக்கு மேல் திரட்டியது. அந்த ஆண்டு 125 நாடுகளில் இருந்த நோய் இன்று பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றது என்று சான்று கிடைத்தது. இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் உள்ள பங்கு சிறியதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், வேலூர் ரோட்டரியோடு சேர்ந்து, ஊர் முழுக்க ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை, நாடு தழுவிய போலியோ ஞாயிறு 1995இல் வருவதற்கு ஏறக்குறைய பதினைந்து ஆண்டு முன்பே நடத்திப் பார்த்தார். இலங்கையில் கே.ஆர். ரவீந்திரன் யுனிசெஃப்போடு சேர்ந்து, போர் நடந்துகொண்டிருந்த வடக்கில் சொட்டு மருந்து நாட்களில் துப்பாக்கி ஓயப் பேச்சு நடத்திய குழுவில் முன்னின்றார். பின்னர் 2015இல் உலக ரோட்டரியின் தலைவரானார். நம் பக்கத்தில் இதன் நினைவு ஒரு மேசை, நீல நிற ஐஸ் பெட்டி, சுண்டுவிரல் நகத்தில் மை. 1985க்குப் பிறகு ரோட்டரிக்கு ஆண்டுக்கொரு தலைவர் வந்தார், ஆண்டுக்கொரு முழக்கம் வந்தது. எவரும் இந்த இலக்கை மாற்றவில்லை. நூற்றாண்டு விழாவான 2005க்குள் முடிப்போம் என்று சொன்னது தவறியது. விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று அப்போதும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டாகியும் முடியவில்லையே என்று கேலி செய்வோர் உண்டு. முடியாத நோயைக் கைவிட்டு, முடிகிற பெஞ்சுக்குப் போயிருந்தால் கேலிக்கே இடம் இருந்திருக்காது.

இதெல்லாம் அரசும் மருத்துவமனையும் செய்தது, சங்கம் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது என்ற வாதத்துக்கு வருவோம். சொட்டு மருந்தை வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் கிராமச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும்தான்; அவர்கள் பெயர் எந்த நோட்டீஸிலும் வரவில்லை என்பது நியாயமான மனத்தாங்கல். ஆனால் வெற்றி பெற்ற இரண்டு வேலையிலும் சங்கம் தனக்கு மேலான ஒரு நிரந்தர அமைப்போடு கட்டுண்டு, அதன் ஏட்டுக்கு அடங்கி நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தனியாகச் செய்தபோதெல்லாம் பெயர்ப்பலகைதான் மிஞ்சியது. ஆண்டுதோறும் தலைமை மாறுவது நல்லது, இல்லாவிட்டால் ஒரே குடும்பம் சங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். அதுவும் சரி. உறவின்முறையிலும் பொறுப்பு முறைவைத்துத்தான் மாறியது. ஆள் மாறியபோது பெட்டி மாறவில்லை, எதற்காகப் பிரிக்கிறோம் என்பது மாறவில்லை. சங்கங்களில் ஆளோடு இலக்கும் மாறிவிடுகிறது. குற்றம் அங்கேதான் இருக்கிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு இனி வேண்டிய நீண்ட வேலை எது என்று கேட்டால் கண்மாயைக் காட்டலாம். குண்டாற்றுப் படுகையின் கண்மாய்கள் ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு நீர்வரத்தாகும்படி தொடுக்கப்பட்டவை. நடுவில் ஒரு வரத்துக்கால்வாய் சீமைக்கருவேலத்தில் அடைபட்டால் கீழே இருக்கும் ஊர்கள் எல்லாம் காயும். சங்கங்கள் ஒருநாள் ஜே.சி.பி. வாடகைக்குப் பிடித்து, கரையில் நின்று கொடியசைத்து, ஒரு கண்மாயின் ஒரு மூலையைத் தூர் வாரியதை நாளிதழ்களில் பார்த்திருப்போம். வெட்டிய கருவேலம் அடுத்த மழைக்கு அடியிலிருந்து துளிர்க்கும். மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை ‘வயலகம்’ என்ற பெயரில் 1990களிலிருந்து ஆயக்கட்டுக்காரர்களைச் சங்கமாக்கிக் கண்மாய் வேலை செய்துவருவதில் ஒரு பாடம் இருக்கிறது. மண் வெட்டுவதற்கு முன் கூட்டம் போடுகிறார்கள், விவசாயியிடமிருந்து ஒரு பங்கு வாங்குகிறார்கள், வேலை முடிந்த பிறகு பராமரிக்க ஒரு பொதுநிதி வைக்கிறார்கள். அது மெதுவான வேலை, ஒரு ஜூலைக்கும் அடுத்த ஜூலைக்கும் நடுவில் முடியாதது. விருதுநகர், அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி ஊர்களின் ரோட்டரிக்காரர்களும் அரிமாக்களும் தனித்தனி மூலையைத் தூர் வாருவதை விட்டு, ஒரே கண்மாய்த் தொடரைப் பத்தாண்டுக்கு எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டுத் தலைவரும் முந்தையவர் விட்ட இடத்திலிருந்து கணக்கை வாங்கி எழுதுவதற்குத் தடையாக இருப்பது பணம் இல்லை. பதவியேற்பு மேடையில் முதல் அறிவிப்பாக, “போன வருஷம் ஆரம்பித்ததையே நானும் செய்யப்போகிறேன்” என்று சொல்ல ஒருவர் முன்வர வேண்டும். அந்த ஆண்டு புதுத் திட்டம் எதையும் அவர் அறிவிக்கக் கூடாது. சங்கத்தின் மாவட்ட ஆளுநர் அதற்காக அவரைக் கோபிக்கவும் கூடாது.